கடிகாரத்தின் நண்பகலும் கதிரவனின் நண்பகலும்

பகல் 12 மணி என்பது கதிரவன் தலைக்கு மேல் நிற்கும் வேளை என்ற கருத்து பள்ளிப் பருவம் முதல் எல்லோர் மனத்திலும் பதிந்துள்ளது. ஆயினும் இந்திய நாட்டின் பெரும்பாலான ஊர்களில், ஆண்டின் பெரும்பாலான நாட்களில், இக்கருத்து பொருந்துவதில்லை. அஸ்ஸாமிலுள்ள திப்ருகர் நகரில் நவம்பர் மாதத் தொடக்கத்தில் கடிகாரம் 11 மணியைக் காட்டுவதற்கு முன்பே கதிரவன் அன்றைய உச்ச நிலையைக் கடந்துவிடுகிறது. குஜராத்தின் மேற்குக் கரையிலுள்ள துவாரகையிலோ, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பிற்பகல் 1 மணிக்குப் பிறகே அது உச்ச நிலையை எட்டுகிறது. இவ்விரு ஊர்களிலும் வழங்குவது ஒரே நேரம்; கடிகாரங்களில் பிழை ஏதும் இல்லை.

இச்செய்தி கேட்போர்க்கு வியப்பளிப்பதோடு நின்றுவிடுவதன்று. வகுப்பில் ஆசிரியர் காட்டும் நிழற் சோதனை வெற்றி பெறுவதும் பொய்த்துப் போவதும் இதனைப் பொறுத்தவை. கடும் வெயிலில் எந்த வேளையில் வேலையை நிறுத்த வேண்டும் என்று உழவர்களுக்குக் களப் பணியாளர் கூறும் அறிவுரையும் இதனைப் பொறுத்ததே. ஆதலின் இதன் காரணங்களைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் இரு சாராருக்கும் பயன் தரும்.

ஒரு பாகைக்கு நான்கு நிமிடம்

பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்றும்போது 360 பாகைகளைக் கடக்கிறது. கதிரவன் ஓரிடத்தின் உச்ச நிலையிலிருந்து மறுநாள் அதே நிலைக்கு வர 24 மணி நேரம் ஆகிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கு கிடைக்கிறது. இந்திய நாடு கிழக்குத் தீர்க்கரேகை 68 பாகை முதல் 97 பாகைக்குச் சற்று மேல் வரை பரந்து கிடக்கிறது. இடைப்பட்ட 29 பாகைகளைக் கதிரவன் கடந்து செல்ல ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். அருணாசலப் பிரதேசத்தின் கீழ்க்கோடியில் பொழுது புலர்ந்து ஏறத்தாழ 2 மணி நேரம் சென்ற பிறகே கட்சு நாட்டின் மேற்கோடியில் புலர்கிறது.

இந்தியத் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. இக்கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்ஸாப்பூரை ஒட்டியும், ஆந்திரக் கடற்கரையில் காக்கிநாடாவுக்கு அருகிலும் செல்கிறது. இக்கோட்டின் மீதுள்ள ஊர்களுக்கு மட்டுமே கடிகாரத்தின் நண்பகலும் கதிரவனின் நண்பகலும் சராசரியாக ஒத்துவரும். கோட்டிற்குக் கிழக்கேயுள்ள ஊர்களில் கதிரவன் முந்தும். மேற்கேயுள்ள ஊர்களில் பிந்தும். சில நகரங்களில் கதிரவன் உச்சமடையும் சராசரி நேரம் பின்வருமாறு:

துவாரகை: பகல் 12 மணி 54 நிமிடம்.
மும்பை: பகல் 12 மணி 39 நிமிடம்.
தில்லி: பகல் 12 மணி 21 நிமிடம்.
சென்னை: பகல் 12 மணி 9 நிமிடம்.
கொல்கத்தா: முற்பகல் 11 மணி 37 நிமிடம்.
திப்ருகர்: முற்பகல் 11 மணி 10 நிமிடம்.

ஒரே நேரம் வந்த வரலாறு

இருப்புப் பாதை வருவதற்கு முன் ஒவ்வோர் ஊரும் தன் கதிரவனையே கடிகாரமாகக் கொண்டிருந்தது. அதனால் எவருக்கும் இடையூறு நேரவில்லை. ஏனெனில், சில நிமிட வேறுபாட்டை உணரும் அளவுக்கு எவரும் விரைந்து பயணம் செய்யவில்லை. புகைவண்டியும் தந்தியும் பரவிய பிறகு நிலைமை மாறியது. ஒரே வண்டிக்கு ஊருக்கொரு கால அட்டவணை வகுக்க இயலாது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டன. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் நிறுவிய வானாய்வு நிலையம் அந்நேரத்தைக் கணித்து வந்தது. அது கிரீனிச் நேரத்திற்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முற்பட்டதாகும்.

1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, கிரீனிச்சுக்கு 5½ மணி முற்பட்ட இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் மக்கள் தங்கள் ஊரின் கதிரவனை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. கொல்கத்தா 1948 வரையிலும், மும்பை 1955 வரையிலும் தத்தம் நேரத்தை வழக்கில் வைத்திருந்தன. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் திட்ட நேரத்திற்கு ஒரு மணி முன்னதாக வைக்கப்படும் ‘பாகான் நேரம்’ நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதன் காரணம் எளிது. திப்ருகரில் ஜூன் மாதத்தில் காலை 4¼ மணி அளவில் கதிரவன் உதித்துவிடுகிறது. டிசம்பர் மாதத்தில் மாலை 4 மணி 20 நிமிட அளவில் மறைந்துவிடுகிறது. காலை 10 மணிக்கு வேலை தொடங்கினால், பகலொளியின் பெரும் பகுதி வீணாகும்.

நாட்டின் திட்ட நேரத்தைப் பேணிவரும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள், வடகிழக்கு மாநிலங்களுக்கு ஒரு மணி முற்பட்ட தனி நேரம் வகுக்கலாம் என்று 2018இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினர். அரசு அதனை ஏற்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்னும் முறையே நீடிக்கிறது.

கதிரவனும் நேரந்தவறுவதுண்டு

தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிட்ட பிறகும் ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கும். மேலே தரப்பட்ட நேரங்கள் ஆண்டின் சராசரி ஆகும். உண்மையில் கதிரவன் நவம்பர் 3ஐ ஒட்டி இச்சராசரிக்கு 16 நிமிடம் முன்னதாகவும், பிப்ரவரி 11ஐ ஒட்டி 14 நிமிடம் பின்னதாகவும் உச்சமடைகிறது. மே நடுவில் ஏறத்தாழ 4 நிமிடம் முந்துகிறது. ஜூலை இறுதியில் 6½ நிமிடம் பிந்துகிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நான்கு நாட்களை ஒட்டி மட்டுமே வேறுபாடு இல்லாது போகிறது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. பூமி கதிரவனைச் சுற்றும் பாதை முழு வட்டம் அன்று. ஜனவரித் தொடக்கத்தில் கதிரவனுக்கு அண்மையில் வரும்போது பூமி விரைந்தும், ஜூலைத் தொடக்கத்தில் சேய்மையில் உள்ளபோது மெதுவாகவும் செல்கிறது. இரண்டாவதாக, பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்துள்ளது. இவ்விரண்டும் சேர்ந்து, ஓர் உச்சத்திற்கும் அடுத்த உச்சத்திற்கும் இடைப்பட்ட காலத்தைச் சில விநாடிகள் கூட்டியும் குறைத்தும் வருகின்றன. விநாடிகள் நாள்தோறும் சேர்ந்து நிமிடங்களாகின்றன.

மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றுக்கு இதில் விடை உண்டு. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் அமைகிறது. ஆனால் தில்லியில் கதிரவன் மிக முன்னதாக மறைவது டிசம்பர்த் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி இரண்டாம் வாரத்தில் நிகழ்கிறது. டிசம்பர்க் கடைசியில் நண்பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் பின்தள்ளிச் செல்கிறது. உதயமும் மறைவும் அதனுடன் சேர்ந்து பின்செல்வதால், பகல் நீளத் தொடங்கிய பின்னரும் சில நாட்கள் வரை உதயம் தாமதமாகிக்கொண்டே போகிறது.

நிழல் மறையும் நாள்

கதிரவன் தலைக்கு நேர் மேலே வருவது கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டுமே. கடகரேகை குஜராத் முதல் மிஸோரம் வரை எட்டு மாநிலங்கள் வழியே செல்கிறது. அதற்குத் தெற்கேயுள்ள ஒவ்வோர் இந்திய ஊரிலும் ஆண்டில் இரு நாட்களில் நண்பகலின்போது நட்டுவைத்த கோலின் நிழல் மறைந்துபோகும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐயும் செப்டம்பர் 1ஐயும் ஒட்டி இது நிகழும். சென்னையிலும் பெங்களூரிலும் ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்டு 18ஐயும் ஒட்டி நிகழும். மும்பையில் மே 15ஐயும் ஜூலை 28ஐயும் ஒட்டி நிகழும். தில்லியில் ஒருநாளும் நிகழாது. அங்கு ஜூன் 21ஆம் நாள் நண்பகலிலும் ஒரு மீட்டர் கோலுக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நிழல் எஞ்சியிருக்கும். டிசம்பரில் அதே கோலின் நிழல் நண்பகலில் 128 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

வேறொரு புதுமையும் உண்டு. சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுவரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வீழ்கிறது. நிழல் தெற்கு நோக்கிச் சாய்கிறது. கதிரவன் நண்பகலில் எப்பொழுதும் தென்புறமே நிற்கும் என்று வடக்கு நாடுகளின் பாட நூல்களில் காணப்படும் கூற்று, தென்னிந்தியச் சிறுவனுக்கு இம்மாதங்களில் பொருந்தாது.

இங்கேதான் ஆசிரியர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். மும்பைப் பள்ளி ஒன்றில் மே 15ஆம் நாள் சரியாக 12 மணிக்கு மாணவர்களைத் திடலில் நிறுத்தினால், ஒரு மீட்டர் கோலுக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நிழல் விழும். “நிழல் மறையும் என்று புத்தகத்தில் சொன்னது பொய்” என்று எண்ணியே மாணவர்கள் வகுப்புக்குத் திரும்புவார்கள். 12 மணி 35 நிமிடம் வரை காத்திருந்தால் அந்நிழல் அவர்கள் கண் முன்னே கோலின் அடியில் ஒடுங்கி மறையும். உண்மையான செய்தியும் தவறான வேளையில் காட்டப்பட்டால் பொய்யாகத் தோன்றும்.

களப் பணியில் கதிரவன்

இந்திய வானிலைத் துறையின் நிலையங்களில் மழையளவு நாள்தோறும் காலை 8½ மணிக்கு எடுக்கப்படுகிறது. மழைக்கு ஒரே கடிகார நேரம் வேண்டும். நாடெங்கும் 24 மணி நேர மழையை ஒப்பிட அதுவே வழி. ஆனால் காலை 8½ மணி வெப்பநிலைகளை அவ்வாறு ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை. அவ்வேளையில் திப்ருகரில் கதிரவன் கணக்கில் 9 மணி 20 நிமிடம் ஆகியிருக்கும். துவாரகையில் 7 மணி 36 நிமிடமே ஆகியிருக்கும். நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் தாமே குறித்துக்காட்டும் வெப்பமானிகள் இத்தொல்லையை நீக்குகின்றன. கண்ணாடிக் கோளத்தால் ஒளியைக் குவித்து அட்டையில் சுவடு பதிக்கும் வெயில்பதிவுக் கருவியிலோ, அட்டையின் மணிக்கோடுகள் கதிரவனின் நேரத்தையே குறிக்கின்றன. இதனை அறியாது அவற்றைக் கைக்கடிகாரத்துடன் ஒப்பிடுவோர் கருவியைப் பழுதென்று கருதக்கூடும்.

இதனினும் முக்கியமானது உயிர்காப்பு. கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்தல் ஆகாது என்று பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. காற்றின் வெப்பம் வழக்கமாக உச்சமடைவது, கதிரவனின் நண்பகலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தாகும். கட்சில் மே மாதக் கதிரவன் உச்சமடைவது ஏறத்தாழ 12¾ மணிக்கு. ஆகவே அங்கு பிற்பகல் 3 மணி என்பது வெப்பம் தணியத் தொடங்கும் நேரமன்று, அது முறுகி நிற்கும் நேரமாகும். 3 மணி அடித்ததும் உப்பளத்திற்கோ வயலுக்கோ திரும்புவோர் நாளின் கொடிய வெப்பத்தினுள்ளேயே நுழைகின்றனர். மேல் அஸ்ஸாமிலோ 11 மணியை ஒட்டியே செங்குத்து வெயில் தொடங்கிவிடுவதால், 12 மணி வரை காத்திருப்பது பொருந்தாது. அறிவுரையைத் தம் ஊருக்கேற்பச் சில நிமிடங்கள் முன்னோ பின்னோ நகர்த்தி உரைப்பது களப் பணியாளரின் கடமையாகும்.

செய்து பார்க்கும் முறை

தம் ஊரின் நண்பகலைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. சமமான தரையில் ஒரு கோலைத் தூக்குநூல் கொண்டு செங்குத்தாக நடுக. கோலை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே செல்லும் புள்ளியையும், பிற்பகலில் தொட்டு வெளியே செல்லும் புள்ளியையும் நேரத்துடன் குறித்துக்கொள்க. இரு நேரங்களுக்கும் நடுவே உள்ளது அன்றைய நண்பகல். இரு புள்ளிகளையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்காக அமையும். காத்தியாயனரின் சுல்ப சூத்திரத்தில் வேள்விக் களத்தின் திசையை அறியக் கூறப்படும் முறையும் இதுவே.

இனி, கணக்கிட்டும் சரிபார்க்கலாம். ஊரின் தீர்க்கரேகைக்கும் 82½ பாகைக்கும் உள்ள வேறுபாட்டை நான்கால் பெருக்கி, ஊர் கிழக்கேயிருந்தால் 12 மணியிலிருந்து கழிக்க வேண்டும். மேற்கேயிருந்தால் கூட்ட வேண்டும். பின்னர் மேலே கூறிய பருவ வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெய்ப்பூரில் சவாய் ஜெய்சிங் மன்னர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய, ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரம், நிழலைக் கொண்டு 2 விநாடி வரை நுட்பமாக நேரம் காட்ட வல்லது. காண வருவோர் பலர் அது கைக்கடிகாரத்துடன் ஒத்துவராதது கண்டு திகைக்கின்றனர். இக்கணக்கை அறிந்தவர்க்கோ திகைப்பு இல்லை: ஜெய்ப்பூர் திட்ட ரேகைக்கு மேற்கே இருப்பதால் ஏறத்தாழ 27 நிமிடம், எஞ்சியது பருவத்தைப் பொறுத்தது.

இவ்வாறு கண்ட நேரத்தை மாதம் ஒரு முறை பள்ளியின் கரும்பலகையில் எழுதி வைப்பதும், களப் பணியாளர் தம் நாட்குறிப்பின் முதற் பக்கத்தில் தம் வட்டத்திற்குரிய திருத்தத்தைக் குறித்துக்கொள்வதும் எளிய பழக்கங்கள். ஓராண்டு இடைவிடாது குறித்து வந்தால், அச்சிட்ட அட்டவணையின் உதவியின்றியே, பூமியின் சாய்வும் அதன் பாதையின் வடிவும் அம்மாணவர்களின் கையேட்டில் எண்களாகத் தோன்றிவிடும்.