சிரிப்பு நின்றால் கேலியும் நிற்கும்

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பதில் வேண்டும் என்று வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே குழப்பம்: “பையன் திக்கிப் பேசுவான். கேலி செய்கிறார்கள். பள்ளியில் கேட்டால், ‘பசங்களுக்குள்ள இதெல்லாம் சகஜம்’ என்கிறார்கள். எதுவரைக்கும் விளையாட்டு?”

வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, எளியவர் மேல் வலியவர் செய்வது என்று நார்வேயின் உளவியலாளர் டான் ஓல்வியூஸ் பள்ளிக் கொடுமைக்கு வகுத்த இலக்கணத்தைத்தான் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். ஆய்வாளருக்கு அது உதவும். நிர்வாகத்தின் கையில் சிக்கினால், ‘திரும்பத் திரும்ப’ என்ற நிபந்தனையைக் காட்டி ஒவ்வொரு புகாரையும் ‘இதுதானே முதல் தடவை’ என்று தள்ளிவிடலாம். வாசலில் மாட்டிய ‘புகார்க் குழு’ பலகை மீதும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ‘நிறுத்துடா’ என்றதும் நின்றால் விளையாட்டு. அந்த அளவுகோல் போதும்.

சோடாபுட்டிக் கண்ணாடி, நிறம், பருமன், திக்குவாய் எல்லாம் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். இழுக்கச் சொல்வது சுற்றி நிற்கும் கூட்டம். டொரன்டோ தொடக்கப் பள்ளி மைதானங்களில் ஆய்வாளர் டெப்ரா பெப்லரின் குழுவினர் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவுசெய்தார்கள். 88 சதவீதக் கொடுமைச் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் உடன் இருந்தார்கள். யாராவது குறுக்கிட்டது 19 சதவீதத்தில்தான். ஆனால் அப்படிக் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல் 10 விநாடிக்குள் அடங்கிவிட்டது!

பட்டப்பெயர் சொல்கிறவனுக்குச் சிரிப்பு வேண்டும். அது வந்தால் வகுப்பில் அவன் கெத்து ஒரு படி ஏறும். வித்தியாசமான பிள்ளைக்காகப் பேச ஆள் வராது என்பதும் அவனுக்குத் தெரியும். கூடச் சிரிக்கிறவனுக்கோ, அடுத்த முறை தன் பெயர் வந்துவிடக் கூடாதே என்ற பயம். அப்படிச் சிரிப்பவர்களில் பலர் வீட்டில் தங்கமான பிள்ளைகள். அதுதான் என்னை உறுத்துகிறது. ‘உன்னை யாராவது அடிச்சாங்களா?’ என்று கேட்கிறோம். ‘அவனைக் கேலி பண்ணப்ப நீ எங்க நின்னே?’ என்று கேட்பதில்லை.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிவா’ திட்டம் இந்தக் கூட்டத்தையே குறிவைக்கிறது. வகுப்பில் செல்வாக்குள்ள பிள்ளைகளை ஆசிரியர் தனியே அழைத்து, பாதிக்கப்பட்டவனுக்குத் துணை நிற்கச் சொல்கிறார். வகுப்பாசிரியரிடம் நீங்களும் இதைக் கேட்கலாம். உங்கள் பிள்ளை வேடிக்கை பார்ப்பவன் என்றால், வீரவசனம் எதுவும் வேண்டாம். ‘வாடா, போலாம்’ என்று பாதிக்கப்பட்டவனைக் கூட்டிக்கொண்டு நகரச் சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மையும் பார்க்கிறார்கள்; கல்யாண வீட்டில் மருமகளின் நிறத்தைப் பற்றிப் பேசும் பெரியவர்களும் வாயை அடக்கட்டும்.

சாதி கலந்திருந்தால்? கேலி என்று தள்ளாதீர்கள். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்களில் அதே பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள்.

திருப்பி அடிக்கச் சொல்லலாமா? வேண்டாம்; புகார் உங்கள் பிள்ளை மேலேயே திரும்பும்.

நடந்ததை வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா? கூடாது, கூட்டம் இன்னும் பெருகும்.

பள்ளி கண்டுகொள்ளாவிட்டால்? தேதியோடு எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். பிறகு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.