உவர் நிலமும் நீலப்பச்சைப் பாசியும்

வடலூர்ப் பக்கத்துச் செம்மண் மேடுகளை விட்டுக் கிழக்கே குறிஞ்சிப்பாடி கடந்து, பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய கடலோரப் பிரதேசங்களை அடையின், நன்செய்களில் உவர் தட்டியிருப்பதைக் காணலாம். 2004ம் வருஷம் டிசம்பர் மாதம் 26ந் தேதி ஆழிப்பேரலையாற் கடல்நீர் புகுந்த வயல்களில் இக்குறை மிகுந்தது. இத்தகைய நிலத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்துவிட்டால் உவர் நீங்கிற்றென்று நிலச்சுவான்தார் சிலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே.

நெல் வயலின் தழைச்சத்தைக் காற்றிலிருந்து ஈட்டித் தருவது இப்பாசியே என்பதை டாக்காவில் பி. கே. டே என்பார் 1939ல் நிரூபித்தார். களர் நிலங்களையும் இதனாற் சீர்படுத்தலாமெனக் காசியில் ஆர். என். சிங் 1950ல் எழுதினார்.

உப்பிட்ட மாங்காய் நீர் விட்டுச் சுருங்குவதை யாவரும் அறிவர். உவர்நீரில் அகப்பட்ட பாசிக்கும் அதுவே கதி. அன்றியும் சோடியம் உட்புகுந்து விஷமாகும். பாசியோ புகுந்த சோடியத்தை இறைத்து வெளியே தள்ளுகிறது. ஒருவகைச் சர்க்கரையைத் தன்னுள் திரட்டி நீரையும் காத்துக்கொள்ளுகிறது. மேலுள்ள வழுவழுப்பான உறை உப்பைப் பற்றி நிறுத்தும். இவற்றிற்கெல்லாம் சக்தி செலவாவதால், உவர் அதிகப்பட அதிகப்படத் தழைச்சத்து ஈட்டும் வேலை குன்றும்.

உறை பற்றிய உப்பு என்னவாகும் என்பதே முக்கியம். பம்பாய்த் துரோம்பேயிலுள்ள பாபா அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் ஆப்டே, தாமஸ் என்னும் இருவர் அனபீனா என்ற பாசியைக் கொண்டு ஆராய்ந்து, பாசி மடிந்து அழுகியதும் சோடியம் மீண்டும் மண்ணிற் சேர்கிறதென 1997ல் வெளியிட்டனர். ஆகையால் படர்ந்த பாசியை வயலிலேயே அழுகவிட்டு உவர் தீருமென்றிருப்பது வீண். நல்ல நீரைத் தேக்கி வடித்தல் வேண்டும். களராயின் ஜிப்சமும் இடவேண்டும்.

உலோகங்களின் விஷயம் இதனினும் கடினம். துத்தநாகமும் செம்பும் அற்ப அளவில் பாசிக்கு வேண்டியவை, மிகுந்தாற் கொல்லும். வாய்மடையில் மயில்துத்தத்தை மூட்டை கட்டி வைத்துப் பாசியை ஒழிப்பது இதனாலேயே. காட்மியம் போன்றவற்றைச் சில பாசிகள் உறையாற் பற்றியும், உள்ளே ஒருவகைப் புரதத்தாற் கட்டியும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் உலோகம் அழிவதில்லை, சேற்றிலேயே தங்கும். ஆதலின் ஆலைக் கழிவு கலக்கும் வாய்க்காலிற் பாசி செழித்திருப்பதை மட்டும் கண்டு, நீர் நல்லதென்று கிராம உத்தியோகஸ்தர்கள் எழுதிவிடலாகாது. நீரும் மண்ணும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

உவர் தணிந்த வயலில், நட்ட பத்தாம் நாள், ஏக்கருக்கு 4 கிலோ பாசித்தூளைச் சீராகத் தூவலாம். அப்போது வயலில் நீர் நிற்கவேண்டும். மயில்துத்தம் அருகில் வரலாகாது.