டிக்கி திறக்கவில்லை, படகு போய்விட்டது

வியாபாரத்தில் நட்டம் வருவதற்குச் சந்தை விழ வேண்டும், கடன் வாங்கியவர் ஏமாற்ற வேண்டும் என்றில்லை. காரின் டிக்கி திறக்காவிட்டாலும் போதும். என் அனுபவத்தையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நெடுந்தீவில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குப் புடவைச் சரக்குக் கொண்டு போனேன். மறுநாள் காலை அங்கே ஒரு திருமணம். கூறைச்சேலையும் பட்டு வேட்டியும் என் காரின் டிக்கிக்குள் இருந்தன.

தீவகத்தில் தொழில் செய்பவர்களுக்கு வழி தெரியும். பண்ணைப் பாலம் தாண்டி மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறை வரை காரில் போகலாம். ஊர்காவற்துறைக்கும் தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல்தான் பாதை. துறையில் சரக்கை இறக்கிப் படகில் ஏற்றியாக வேண்டும்.

துறைக்குப் போய்ச் சேர்ந்ததும் சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் இருந்த லீவரை இழுத்தேன். டிக்கி திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். லீவர் தளர்ந்து கையோடு வந்ததே தவிர, பின்னால் சத்தமே இல்லை. திறப்பைப் பூட்டுத் துவாரத்தில் போட்டால் அது திரும்ப மறுத்தது.

"நானா, படகு வெளிக்கிடப் போகுது, கெதியா இறக்குங்கோ" என்று படகுக்காரத் தம்பி குரல் கொடுத்தார். என்னத்தை இறக்குவது? கண் முன்னாலேயே படகு போய்விட்டது.

பிறகு அங்கே நின்ற ஒரு வேன் சாரதிதான் வழி சொன்னார். அவர் இரண்டு கைகளாலும் டிக்கி மூடியைக் கீழே அழுத்திப் பிடிக்க, நான் லீவரை இழுத்தேன். 'டக்' என்று திறந்தது. ஒரு நிமிட வேலை!

சரக்கு மறுநாள் முதற்படகில் போய்ச் சேர்ந்தது. கல்யாணமும் நடந்தது. ஆனால் நண்பர் தொலைபேசியில் சொன்ன வார்த்தை இன்னும் மனதில் நிற்கிறது: "நானா, சாமான் வந்திட்டுது. என்ர சொல்லுத்தான் ஒருநாள் பிந்திப் போச்சு."

ஏன் திறக்கவில்லை?

கராஜில் விசாரித்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. லீவரையும் டிக்கிப் பூட்டையும் இணைப்பது ஒரு மெல்லிய கம்பிக் கேபிள். அது ஓர் உறைக்குள் கார்ப்பெட்டுக்குக் கீழாகப் பின்னால் போகிறது. பாலத்திலும் துறையிலும் அடிக்கும் உப்புக் காற்றில் பூட்டும் கேபிளின் நுனியும் துருப்பிடித்திருந்தன. துருவோடு போராடிப் போராடிக் கேபிள் நீண்டுவிட்டது. இரண்டாவது காரணம் நான்தான். பொதிகளை அளவுக்கு மீறித் திணித்து மூடியிருந்தேன். பொதி மூடியை மேலே தள்ள, பூட்டின் கொக்கி இறுகிவிட்டது. மூடியைக் கீழே அழுத்தியதும் அந்த இறுக்கம் தளர்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் டிக்கியைத் திறந்து காட்டியே நம் சாரதிகளுக்குக் கை பழகியிருந்தது. இன்று கைமாறி வரும் ஜப்பான் கார்களை வாங்கும் பலர், எந்த லீவர் எதற்கு என்று பார்ப்பதே இல்லை. சாதாரண கார்களில் அது சாரதி ஆசனத்தின் வலப்பக்கம், தரையோடு ஒட்டி இருக்கும். பின்மூடி திறந்த கார்ப் படம் இருந்தால் டிக்கி. எரிபொருள் பம்பின் படம் இருந்தால் டாங்கி மூடி. சில கார்களில் ஒரே லீவர்தான். மேலே இழுத்தால் ஒன்று, கீழே அழுத்தினால் மற்றொன்று.

சில கார்களில் லீவர் வேலை செய்யாதபடி திறப்பால் பூட்டி வைக்கவும் முடியும். 'லீவர் பழுது' என்று கராஜுக்கு ஓடுமுன் அதைப் பாருங்கள். சரக்கோடு காரை வெளியில் நிறுத்துபவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு. கண்ணாடி திறந்திருந்தால் கள்வனும் அதே லீவரைத்தானே இழுப்பான்!

பொத்தானை அழுத்தித் திறக்கும் கார்களில் பெற்றரி இறங்கினால் டிக்கியும் திறக்காது. டொயோட்டா பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களில் 12 வோல்ட் பெற்றரி இருப்பதே டிக்கிக்குள்தான். பயப்பட வேண்டாம். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய திறப்பால் சாரதிக் கதவைத் திறந்து, பொனட்டைத் தூக்கினால், பியூஸ் பெட்டிக்குள் வெளி மின்சாரம் கொடுக்கும் முனை இருக்கிறது.

பூட்டுக்கும் கொக்கிக்கும் சில மாதங்களுக்கு ஒருமுறை எண்ணெய் விடுங்கள். லீவரால் திறப்பவர்களும் இடைக்கிடை திறப்பைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். பாவிக்காத பூட்டுத்தான் முதலில் இறுகும். மேலதிகத் திறப்பு கடையில் அல்லது வீட்டில் இருக்கட்டும். காருக்குள் வைத்தால் அது மேலதிகத் திறப்பு அல்ல.

சரக்கை விடப் பெறுமதியானது

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. 1998 கோடையில் அமெரிக்காவில் மூன்று வாரங்களுக்குள் 11 சிறுவர்கள் கார் டிக்கிகளுக்குள் அகப்பட்டு இறந்தார்கள். விளையாட்டாக ஏறியவர்கள் உள்ளேயிருந்து திறக்க வழியில்லாமல் வெப்பத்தில் மாண்டார்கள். அதன் பின் அங்கே 2001 செப்டெம்பர் 1 முதல், டிக்கி உள்ள புதிய கார்களில் உள்ளேயிருந்து திறக்கும் வசதி கட்டாயமானது. இருட்டில் ஒளிரும் கைப்பிடியாகப் பல கார்களில் அதைக் காணலாம். அது அமெரிக்கச் சட்டம். ஜப்பான் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்த கார்களில் அது இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நம் வெயிலும் லேசானதல்ல. சரக்கு இறக்கியதும் டிக்கியை மூடுங்கள், காரைப் பூட்டுங்கள், திறப்பைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இப்போது நான் துறைக்குப் புறப்படுமுன், பொதி ஏற்றி மூடிய டிக்கியைக் கடை வாசலிலேயே ஒருதடவை திறந்து பார்க்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. நீங்களும் இன்றைக்கே உங்கள் காரில் அந்த லீவரை ஒருதடவை இழுத்துப் பாருங்கள்.