ஸ்கேனரின் விலையோடு மென்பொருளையும் விசாரியுங்கள்

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முட்டுக்கொடுத்து நிற்பதுபோல் எடுத்த படம், பள்ளிச் சுற்றுலா போய்வந்தவர்கள் வீட்டு ஆல்பத்தில் எப்படியும் ஒன்று இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஒரு படம்தான். இந்தக் கரையிலேயே குடியிருப்பவர்களுக்குக் கல்யாணம், காதுகுத்து, புதுப்படகு, பட்டறையில் முடித்து அனுப்பிய சிலை என்று பீரோ கொள்ளாத ஆல்பங்கள் உண்டு. அடித்தட்டில் நெகட்டிவ் உறைகளும் கிடக்கும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் அவற்றைச் சும்மா விடுவதில்லை. பூஞ்சை பிடிக்கிறது, பிளாஸ்டிக் உறையோடு படம் ஒட்டிக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆல்பத்தை மொத்தமாகக் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள் இந்தக் கரை நெடுக இருக்கின்றன. மிச்சம் இருப்பதையாவது ஸ்கேன் செய்து வைக்கலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், டிபிஐ கேட்கிறார்கள். மென்பொருள் பற்றிக் கேட்பவர் அபூர்வம். பின்னால் வரும் தொல்லையில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

இயந்திரம் கெடுவதற்கு முன் மென்பொருள் செத்துவிடும். நிக்கானின் கூல்ஸ்கேன் வரிசை பிலிம் ஸ்கேனர்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள், தரம் அப்படி. ஆனால் அதற்கென நிக்கான் தந்த மென்பொருள் விண்டோஸ் விஸ்டாவோடு நின்றுபோனது. 2019இல் வந்த மேக் கேட்டலினா, 32 பிட் நிரல்கள் அனைத்தையும் கைவிட்டபோது நல்ல நிலையில் இருந்த பல ஸ்கேனர்கள் ஒரே அப்டேட்டில் மேசைச் சுமையாயின. ஆகவே பழைய ஸ்கேனரை மலிவாக வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் கணினியில் அதை இயக்கும் டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்பதைத்தான். இந்த இடத்தில் கைகொடுப்பது வியூஸ்கேன் என்ற மென்பொருள். தயாரித்தவரே கைவிட்ட ஆயிரக்கணக்கான மாடல்களை அது இயக்குகிறது. காசு கட்டாத சோதனைப் பதிப்பில் படத்தின்மேல் முத்திரை விழும், ஆனால் உங்கள் ஸ்கேனர் ஓடுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். நெகட்டிவ், ஸ்லைடு ஸ்கேன் செய்யும் வசதி அதன் புரொபஷனல் பதிப்பில்தான் உண்டு. விலை குறைந்ததை வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள்.

காகிதப் படம் மட்டும் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஸ்கேனரோடு வரும் மென்பொருளோ, இலவசமான நாப்ஸ்2வோ, மேக்கில் இருக்கும் இமேஜ் கேப்சரோ போதும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 2400க்கு 3600, அதாவது 86 லட்சம் பிக்சல். மறுபடி அச்சிடத் தாராளம்.

நெகட்டிவ் வேறு கதை. முதலாவது, அதற்கு மேலிருந்து ஒளி வேண்டும். பிரின்டரோடு சேர்ந்து வரும் சாதாரண ஸ்கேனரில் அந்த விளக்கு கிடையாது, எந்த மென்பொருளும் அதை ஈடுசெய்யாது. இரண்டாவது, கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிற அடித்தளத்தைக் கழித்து நிறத்தைத் திருப்ப வேண்டும். இதில் மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் கண்கூடு. ஒன்றில் மாநிறமாக வரும் முகம் இன்னொன்றில் நீலம் பூத்திருக்கும். மூன்றாவது, தூசியும் கீறலும். டிஜிட்டல் ஐஸ் போன்ற நுட்பங்கள் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கின்றன. கலர் பிலிமின் சாயத்தை அகச்சிவப்பு ஊடுருவிவிடும், தூசி மட்டும் தடுக்கும். கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்தான். அதுவும் ஒளியைத் தடுப்பதால் மென்பொருள் மூக்கையும் புருவத்தையும் தூசி என்று எண்ணி மெழுகிவிடும். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமில் எடுத்த தாத்தா படங்களுக்கு இந்த வசதியை அணைத்துவிடுங்கள். விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார், சொல்லத் தெரிந்தவரும் குறைவு.

விலையைப் பார்ப்போம். பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் 8200ஐ என்ற ஸ்கேனர் எஸ்இ, ஏஐ என இரண்டு பெட்டிகளில் விற்கப்படுகிறது. இயந்திரம் ஒன்றேதான். கூட வரும் சில்வர்பாஸ்ட் மென்பொருளின் பதிப்பில்தான் முக்கிய வேறுபாடு, விலை வேறுபாடும் அதனால்தான். சில்வர்பாஸ்ட் உரிமம் ஸ்கேனர் மாடலோடு கட்டப்பட்டது. நாளை வேறு மாடல் வாங்கினால் பழைய உரிமம் அதில் ஓடாது. இது ஏமாற்று அல்ல, அவர்களுடைய விற்பனை முறை; ஆனால் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். '22 மெகாபிக்சல்' என்று ஆன்லைனில் மலிவாக வரும் சிறு பெட்டிகள் பெரும்பாலும் ஸ்கேனரே அல்ல, உள்ளே சின்ன கேமரா. பிக்சலை ஊதிப் பெருக்கிக் காட்டுவது அவற்றின் மென்பொருள். விளம்பரத்தில் 'ஆப்டிகல்' எவ்வளவு, 'இன்டர்போலேட்டட்' எவ்வளவு என்று தேடிப் பார்த்து, அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்துகளில் முதலிடம் போலி டிரைவர் தளங்களுக்கு. ஸ்கேனர் பெயரைத் தேடினால் மேலே வருவது தயாரிப்பாளரின் தளமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதைவிட மோசம் போலி கஸ்டமர் கேர் எண்கள். பேசுகிறவர் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க ஒரு செயலியைப் போடச் சொல்வார், 'டிரைவர் கட்டணம்' பத்து ரூபாய் அனுப்பச் சொல்வார், கணக்கு காலியாகும். பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க முடியும்.

'கிராக்' போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் கணினிக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம்: ஏழு நாள் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக அல்லாதபோது சிறையைத் தவிர்த்து, 50 ஆயிரத்துக்கு மிகாத அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. என் பார்வையில் சட்டத்தைவிடப் பெரிய பயம், அந்தக் கிராக்கோடு வரும் வைரஸ் படங்களையெல்லாம் பூட்டிப் பணம் கேட்பதுதான்.

பழைய படத்துக்கு நிறம் பூசும் கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. மூன்று நாள் இலவசம் என்று நுழைந்து, நிறுத்த வழி தெரியாமல் மாதாமாதம் பணம் போகிறவர்கள் பலர். நுகர்வோர் பாதுகாப்பு மத்திய ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் இந்தச் சந்தாப் பொறியும் ஒன்று. இந்தச் செயலிகள் இல்லாத பல்லையும் கண்ணையும் வரைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்ட உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை எண்மமாக்கியது. அப்படிப்பட்ட காப்பகங்கள் முதலில் கைபடாத டிஃப் கோப்பாகச் சேமிக்கின்றன, திருத்தம் எல்லாம் நகலில்தான். வீட்டிலும் அதையே செய்யுங்கள். நெகட்டிவை 3200 டிபிஐயில் எடுத்த 48 பிட் டிஃப் ஒன்று சுமார் 80 எம்பி, 36 படம் கொண்ட ஒரு சுருள் 3 ஜிபி அளவு வரும். ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும், ஒன்று வேறு வீட்டில்.

இனி உரிமைகள். கடைச்சரக்காக விற்கப்படும் மென்பொருளும் சரக்கே என்று உச்ச நீதிமன்றம் 2004இல், டாடா கன்சல்டன்சி தொடர்பான விற்பனை வரி வழக்கில் சொல்லிவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'விண்டோஸ் 11இல் ஓடும்' என்று சொல்லி விற்றது ஓடவில்லையா, அந்த வாக்கியம் பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ இருந்தால் உங்கள் கை ஓங்கும். ஆன்லைன் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். அங்கும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அடுத்த படி செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய மென்பொருளுக்கு இந்தப் பாதை நடைமுறையில் கடினம். அதனால்தான் சோதனைப் பதிப்பை வற்புறுத்துகிறேன்.

சிற்பப் பட்டறை வைத்திருப்பவர்கள் 'நாங்கள் வியாபாரிகள், எங்களுக்கு இது பொருந்தாது' என்று நினைக்க வேண்டாம். சுயதொழில் செய்து அதில் பிழைப்பவர் அந்தத் தொழிலுக்கு வாங்கும் பொருளிலும் நுகர்வோர்தான்.

ஸ்கேன் செய்ய ஸ்டுடியோவிடம் கொடுத்தால் எத்தனை படம், எத்தனை நெகட்டிவ், எந்தக் கோப்பு வடிவம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. உங்களைக் கேட்காமல் அதைக் கடை விளம்பரத்தில் போட ஸ்டுடியோவுக்கு உரிமை கிடையாது.

கடைசியாக ஒன்று. இப்போது கடைகளில் தரும் வெப்ப அச்சு பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், பில் இல்லாத புகார் நிற்பது கஷ்டம். புது ஸ்கேனரில் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அதன் பில்லை.