மன்னாரில் விழுந்தால் எப்படி விழுவீர்கள்?

மன்னார்த் தீவில் மலை கிடையாது. தலைமன்னார்ப் பக்கத்து மணல்மேடுகளை விட்டால், சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மூச்சு வாங்கும்படியான ஏற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் கடைகளில் மவுண்டன் பைக் என்ற பெயரில் விற்கும் தடித்த டயர் சைக்கிளுக்குத் தோதான ஊர் இது. மெதவாச்சியிலிருந்து வரும் ஏ14 வீதியை விட்டு இறங்கியதுமே மணல்தான். மெல்லிய டயர் அதில் புதைந்து நின்றுவிடும்.

பள்ளிமுனைப் பெருக்குமரம், பேசாலைக் கரை, உருமலைக்கு அப்பால் கடலுக்குள் நீளும் இராமர் அணைத் திட்டுகள் என்று பார்த்துவரச் சைக்கிளோடு புறப்படுகிறவர்கள், பாதுகாப்புக் கவசங்களை எப்படித் தெரிவுசெய்வது? இந்தச் சைக்கிளுக்கான பொதுவான ஆலோசனைகள் பெரும்பாலும் செங்குத்துச் சரிவுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசம், முதுகுக் கவசம், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை காப்பு. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு மன்னார் வெயிலில் நண்பகல் ஓடினால், கீழே விழுவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். ஓர் இடத்தில் எப்படி விழுவோம் என்று முதலில் யோசித்து, அதற்கேற்ப வாங்குவதுதான் புத்தி.

மன்னாரில் முதல் ஆபத்து காற்று. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதி சுமார் 3 கிலோமீற்றர் நீளம். அதிலுள்ள பாலம் 1990இல் போரில் தகர்க்கப்பட்டு, 2010இல் புதிதாகத் திறக்கப்பட்டது. இருபுறமும் ஆழமற்ற கடல், மறைப்புக்கு ஒரு மரமில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று எவ்வளவு வலுவானது என்பதற்குத் தீவின் தென்கரையே சாட்சி: 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் திறன் கொண்ட தம்பபவனி மின்னிலையத்தை அங்கே நிறுவியதே இந்தக் காற்றை நம்பித்தான். தீவை நோக்கிப் போகும்போது அது இடப்பக்கமிருந்து அடித்து, வீதியின் நடுப்பக்கமாக ஆளைத் தள்ளும். திரும்பும்போது நிலைமை வேறு. வலப்பக்கக் காற்றை எதிர்த்துச் சாய்ந்தபடி ஓட்டுகிறவரை ஒரு லொறி முந்தும்போது காற்று சட்டென மறைபடும். சாய்ந்திருந்தவர் அந்த லொறிப் பக்கமே தடுமாறுவார். தாம்போதியில் விழுந்தால் தார் வீதியில், வாகனங்களுக்கு நடுவேதான் விழ வேண்டும். அங்கே தலைக்கவசத்துக்கு மாற்று இல்லை.

தீவுக்குள் இன்னொரு சங்கதி, கட்டாக்காலிக் கழுதைகள். இந்தக் கூட்டம் இருட்டில் வீதியோரமாக அசையாமல் நிற்கும். கழுதையின் சாம்பல் நிறம் வெளிச்சம் மங்கியதும் கண்ணுக்குத் தப்பிவிடும். மாலை மயங்கிய பின் ஓடுகிறவர்களுக்கு முன்விளக்கு கவசத்துக்குச் சமம்.

தலைக்கவசம் என்று எதை வாங்குவது? வீட்டில் இருக்கிறதே என்று மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை எடுத்து வருகிறவர்கள் உண்டு. அது ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், காதை மூடும், காற்றை உள்ளே விடாது. சைக்கிளுக்கான தலைக்கவசம் 250 முதல் 400 கிராம் வரைதான். அதன் உயிர் வெளியே தெரியும் பளபளப்பான ஓட்டில் இல்லை. உள்ளே இருக்கும் ரெஜிபோம் போன்ற நுரைப்படலத்தில் இருக்கிறது. அடிபடும் கணத்தில் அந்த நுரை நசுங்கி, தலை நிற்பதற்கு எடுக்கும் நேரத்தைச் சில மில்லிசெக்கன் நீட்டுகிறது. மண்டையோட்டுக்குப் போகவேண்டிய விசை அப்படித்தான் குறைகிறது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1975இல் இந்த நுரையை வைத்துச் சைக்கிள் ஓட்டுநர்களுக்கென்று ஒரு தலைக்கவசம் செய்தது. இன்றும் அடிப்படை அதுதான்.

உள்ளே ஒட்டியிருக்கும் சிறு முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078, அமெரிக்கத் தரமான சிபிஎஸ்சி ஆகிய இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஐரோப்பியச் சோதனையில், மாதிரித் தலையொன்றுக்குக் கவசம் மாட்டி, சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மீது விழ விடுவார்கள். தலைக்குள் பதிவாகும் அதிர்வு புவியீர்ப்பு முடுக்கத்தின் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. முத்திரை இல்லாத கவசம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் தொப்பி. மன்னார்க் கடலில் பட்டச் சறுக்கு விளையாடுகிறவர்கள் அணியும் தலைக்கவசமும் சைக்கிளுக்கு ஆகாது. அது தண்ணீர் விளையாட்டுக்கான வேறொரு தரத்தின்படி செய்யப்படுவது.

மிப்ஸ் என்ற மஞ்சள் வட்டத்தைச் சில கவசங்களில் காணலாம். விழும்போது தலை சாய்வாக மோதித் திருகினால் மூளைக்கு வரும் கேட்டைக் குறைக்க, உள்ளே வழுக்கி நகரும் ஒரு மெல்லிய படலம் இருப்பதற்கான அடையாளம் அது. சுவீடன் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் பொறியியலாளர் பீட்டர் ஹால்டினும் 1990களில் தொடங்கிய ஆய்வின் பலன் அந்தப் படலம். பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் தலைக்குப் பொருந்தாத விலையுயர்ந்த கவசத்தைவிட நன்றாகப் பொருந்தும் சாதாரணக் கவசமே மேல். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். வார் காதுக்குக் கீழே இரு கிளையாய்ச் சேர வேண்டும். நாடிக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தால் சரி. வெயிலுக்கென்று தடித்த துவாயைத் தலையில் கட்டி, அதன்மேல் கவசத்தை மாட்டினால் இந்த அளவெல்லாம் பாழ். மெல்லிய துணித் தொப்பி பரவாயில்லை. மன்னாருக்குக் காற்றுத் துளைகள் நிறைய உள்ள, வெள்ளை அல்லது வெளிர்நிறக் கவசமே நல்லது. முன்னால் நீண்ட மறைப்பு இருந்தால் தாம்போதியில் கழற்றிவிடுங்கள், பக்கக்காற்று அதைப் பிடித்துத் தலையைத் திருப்பும்.

தலைக்கவசம் உண்மையில் பயன் தருமா என்று கேட்பவர்களுக்கு: 64,000க்கும் அதிகமான, காயப்பட்ட சைக்கிள் ஓட்டுநர்களைப் பற்றிய 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு கவசத்தால் 69 சதவீதம் குறைவதாகக் கணித்தார்கள். தொழில்முறை வீரர்கள்கூட நெடுங்காலம் இதை விரும்பவில்லை. 2003 மார்ச்சில் பிரான்சின் பாரிஸ்-நீஸ் போட்டியில், கவசமின்றி ஓடிய கசகஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலெவ் விழுந்து இறந்தார். அதே ஆண்டு மே மாதம் உலகச் சைக்கிள் சங்கம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

மணலில் விழுவது வேறு மாதிரி. முன்சில்லு புதைந்ததும் சைக்கிள் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே போவார். வேகம் குறைவுதான், ஆனால் யாரும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். உள்ளங்கை கிழியும். ஆகவே தலைக்கவசத்துக்கு அடுத்து வாங்கவேண்டியது, விரல்களையும் மூடும் கையுறை. மணிக்கட்டு முறிவை அது தடுக்காது, தோலைக் காக்கும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரத்து வைத்தியசாலைக்கு 25 கிலோமீற்றருக்கும் மேல். கிழிந்த கையோடு கைபிடியைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் திரும்புவது எளிதல்ல. அவசரத்துக்கு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

அடுத்தது கண்ணாடி. காற்று மணலை வாரிக் கண்ணில் போடும் ஊரில் அது ஆடம்பரமில்லை. குடைபோல விரிந்த உடைமரக் கிளைகள் ஒற்றையடிப் பாதைகளில் முகத்தின் உயரத்துக்கே தொங்கும், முள் நீளமானது. கீழே பனங்கருக்கு, விழுந்து கிடக்கும் மட்டையின் ஓரம் வாள்போல் கீறும். செருப்போடு சைக்கிள் ஓடுவது நம் வழக்கம்தான், ஆனாலும் இந்தப் பாதைகளுக்கு மூடிய சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் வேண்டும்.

முழங்கால் காப்பு மன்னாருக்குத் தேவையில்லை. பயணம் நுவரெலியாவுக்கோ நக்கிள்ஸ் மலைகளுக்கோ நீளுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் மூடும் கவசம் அங்கும் செங்குத்து இறக்கங்களில் வேகமாக ஓடுகிறவர்களுக்கு மட்டுமே.

ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தின் நுரை பழைய நிலைக்குத் திரும்பாது, வெளியே கீறல் தெரியாவிட்டாலும்கூட. அதைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்துவிடாதீர்கள். வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி வாரை அறுத்துவிட்டு எறியுங்கள்.