உங்களுக்குத் தெரியுமா? – புள்ளியை விழுங்கும் மென்பொருள்

● வட்ஸ்அப் குழுக்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, தொலைபேசிக் கம்பியையும் மொடெமையும் வைத்துக் கணினிப் பிரியர்கள் அரட்டையடித்த இடம் 'புல்லட்டின் போர்ட்'. அப்படியொரு பலகையை முதன்முதலில் சிக்காகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ரேண்டி சூஸும் திறந்தது 1978 பெப்ரவரி 16இல். பனிப்புயலில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது உதித்த யோசனை அது.

● பலகைக்குப் பலகை அஞ்சல் கடத்தும் ஃபிடோநெட்டை 1984இல் தொடங்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் டொம் ஜெனிங்ஸ். அழைப்புக் கட்டணம் குறையும் இரவு நேரத்தில் ஒரு கணினி இன்னொன்றை அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றும். 1990களின் நடுவில் இந்த வலையில் 30,000க்கும் மேற்பட்ட கணினிகள் இருந்தன.

● இலங்கையின் தொடக்ககால மின்னஞ்சலும் இதுபோன்ற வழியில்தான் ஓடியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் இயங்கிய 'லேர்ன்மெயில்', கடிதங்களைச் சேர்த்துவைத்துத் தொலைபேசி வழியே மொத்தமாக அனுப்பியது.

● பலகையில் இருந்தபடியே வாசித்தால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. அதனால் வந்ததுதான் 'ஓஃப்லைன் ரீடர்': எல்லாவற்றையும் பொதியாக இறக்கு, இணைப்பை வெட்டு, ஆறுதலாக வாசி, பதில்களை அடுத்த அழைப்பில் அனுப்பு. 2400 மொடெமில் நொடிக்குச் சுமார் 240 எழுத்து வரும். ஆயிரம் எழுத்துள்ள நூறு ஆங்கிலக் கடிதங்கள் இறங்க ஏழு நிமிடம் போதும். யுனிகோட் தமிழ் என்றால் மும்மடங்கு நேரம். ஏனென்றால் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்று.

● இந்தப் பொதிகளில் மிகப் பரவலான 'கியூடபிள்யூகே' வகையை 1987இல் உருவாக்கியவர் மார்க் ஹெரிங். அதில் தலைப்புக்கு ஒதுக்கிய இடம் 25 பைற்று மட்டுமே. 'நற்பிட்டிமுனை' என்று எழுத 39 வேண்டும். ஊர்ப் பெயர் 'நற்பிட்ட' என்பதோடு வெட்டுப்படும்! தலைப்பை நீட்ட இடம்தரும் பிந்திய 'கியூடபிள்யூகேஇ' வகையை உங்கள் ரீடர் ஏற்குமா என்று பாருங்கள்.

● அதே பொதியில் வரி முடிந்தது என்பதற்கு அடையாளம் 227ஆம் எண் பைற்று. ஜப்பானியரின் ஹிரகனா, கட்டகனா எழுத்துகள் யூடிஎஃப்-8இல் இந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. எழுத்துக்கு எழுத்து வரி உடைந்துவிடும். தமிழ் எழுத்துகள் 224இல் தொடங்குவதால் இந்தக் கண்டத்தில் தப்பிவிட்டன.

● ஃபிடோநெட்டில் தப்பவில்லை. அதன் பழைய விதிப்படி 141ஆம் எண் 'தற்காலிக வரிமுறிவு'. வாசிப்பு மென்பொருள் அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. மெய்யெழுத்தின் புள்ளியோ யூடிஎஃப்-8இல் 224, 175, 141 என்ற மூன்று எண். கடைசி எண்ணை விதிப்படி விழுங்கினால் புள்ளி போய், அந்த இடத்தில் கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். நற்பிட்டிமுனையில் இரண்டு இடம், கல்முனையில் ஒரு இடம் பழுதாகும்.

● இந்தத் தொல்லையை முன்பே அனுபவித்தவர்கள் ரஷ்யர்கள். அவர்கள் பயன்படுத்திய டொஸ் குறிமுறையில் 141 என்பது 'ன' ஒலி தரும் பெரிய எழுத்து. உருவத்தில் அது ஆங்கிலத்தின் 'எச்' எழுத்தேதான். ஆகவே ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டுச் சமாளித்தார்கள். நமது புள்ளிக்கு அப்படி மாற்று ஏதுமில்லை.

● ஃபிடோ ரசிகர்களின் பிரபலமான மென்பொருள், டென்மார்க்கின் ஓடின் சோரென்சென் எழுதிய 'கோல்டெட்'. 141ஐக் காட்டுவதா மறைப்பதா என்று சொல்ல அதன் அமைப்புக் கோப்பில் தனி வரியே உண்டு. ஆனால் அந்த வரியை மாற்றினால் மட்டும் தமிழ் வந்துவிடாது. யூடிஎஃப்-8ஐயும் அறிந்த மென்பொருளாக இருக்கவேண்டும்.

● ஆசியாவுக்கென்று இருந்த ஃபிடோநெட்டின் 6ஆம் வலயம் 2007இல் மூடப்பட்டது. எஞ்சிய கணினிகள் 3ஆம் வலயத்துக்கு மாறின. இன்று இந்த வலையை எட்ட மொடெம் தேவையில்லை. பல பலகைகள் இணையத்திலேயே திறந்திருக்கின்றன.

● 'சின்க்ரோநெட்' மென்பொருளில் நடக்கும் பலகைகள் தங்கள் கடிதங்களை நியூஸ்குரூப் வடிவிலும் தரமுடியும். நடத்துநர் அந்த வசதியைத் திறந்திருந்தால் 'தண்டர்பேர்ட்' போதும். கறுப்புத் திரை டெர்மினலில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் என்பதால் 'கொ', 'கோ' போன்றவை சிதறக்கூடும். தண்டர்பேர்ட்டில் எழுத்து ஒழுங்காகக் கூடும்.

● எந்த மென்பொருளைத் தெரிவுசெய்வது? வசதிப் பட்டியலைப் பார்த்து மயங்கவேண்டாம். பலகையின் சோதனைப் பகுதியில் 'கற்க கசடறக் கற்பவை' போன்று புள்ளிகளும், 'கொடு', 'போ' போன்ற கொம்புகளும் கலந்த ஒரு வரி போடுங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறதா, உங்கள் பதிலில் மேற்கோளாக வரும்போதும் உடையாமல் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அதுவே உங்களுக்கு ஏற்ற மென்பொருள்.