கால் லிட்டர், கால் கிலோ ஆகுமா?

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கெனத் தம் கையாலேயே கேக் செய்ய முற்பட்டார். மைதா, சர்க்கரை, வெண்ணெய் ஒவ்வொன்றும் கால் கிலோ என்று குறிப்பில் இருந்தது. கால் லிட்டர் கொள்ளும் டம்ளரால் மைதாவையும் சர்க்கரையையும் அளந்து போட்டார். வெண்ணெயோ கடையில் நிறுத்து வாங்கியது. வெந்த கேக் நடுவில் குழிந்து, நெய் கசிந்து நின்றது. "அளவில் ஒன்றும் குறைக்கவில்லையே, சாமி!" என்று வருந்தினார்.

அவர் குறைக்கவில்லைதான். அளவையும் எடையையும் ஒன்றெனக் கருதியதே பிழை. அளவு என்பது பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். எடை என்பது அதன் கனம். தண்ணீரில் கால் லிட்டர், கால் கிலோவாகும். பாலிலும் ஏறக்குறைய அவ்வாறே. ஆனால் அதே டம்ளரில் மைதா சுமார் 130 கிராமே நிற்கும். சர்க்கரை சுமார் 210 கிராம், எண்ணெய் 230, தூள் உப்பு 300, தேன் 350 கிராம். அந்தக் கேக்கில் மாவு ஏறத்தாழப் பாதியே சேர்ந்தது!

நம் பாட்டிமாருக்கு இக்குழப்பம் இருந்ததில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. படியால் வாங்கிய அரிசியை ஆழாக்கால் அளந்து உலையிலிட்டனர். 1956-ஆம் ஆண்டின் சட்டப்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்று கடை, கிலோவில் பேசுகிறது. அடுப்படியோ இன்னும் டம்ளரிலும் கரண்டியிலுமே பேசுகிறது.

இவ்விரண்டையும் இணைக்கத் தராசும் தேவையில்லை. எடை அச்சிட்ட அரைக் கிலோ மாவுப் பொட்டலத்தைப் பிரித்து, வீட்டு டம்ளரால் அளந்து எண்ணுங்கள். 500-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு டம்ளர் மாவின் எடை கிடைக்கும். மாவை அமுக்கலாகாது, தலைதட்டியே அளக்கவேண்டும். ரவை, சர்க்கரை, பருப்பு ஒவ்வொன்றுக்கும் இவ்வாறே கண்டு, ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். எப்போதும் அதே டம்ளரையே பயன்படுத்துங்கள்.

கேக் கெட்டால் மறுநாள் வேறொன்று செய்யலாம். ஆனால் வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குக் கரைசல் தயாரிக்கையில் அளவு தவறலாகாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைப்பின் அதுவே சிறந்தது. அதில் குறித்துள்ள அளவு நீரில் பொட்டலம் முழுவதையும் கரைக்கவேண்டும். கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், 5 மில்லி கொள்ளும் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி தூள் உப்பும் சேர்க்கவேண்டும். ஒரு கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். அதே கரண்டி உப்போ 6 கிராம். எனவே உப்பைக் குவித்து அள்ளிப் போட்டால், மருந்தே தீங்காகிவிடும். குழந்தையின் சோர்வு மிகுந்தால் தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

அந்த இளந்தாய் மறு ஆண்டு நமக்கு ஒரு துண்டு கேக் கொண்டுவந்து தந்தார். அது குழியவில்லை. அவர் வீட்டு அலமாரிக் கதவில் இன்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.